ரிப்போர்ட்டில் இருக்கும் 'நார்மல்' யாருடைய நார்மல்?

(ரத்தப் பரிசோதனை முகாமுக்குப் பின் நடந்த நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு, வங்கியில் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்றெல்லாம் பேசப் போவதில்லை. அது உங்கள் டாக்டரின் வேலை. ஒரு எண்ணைப் பார்த்தால் 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்பது மட்டும் என் பழைய பழக்கம். அந்த அளவில்தான் இன்றைய பேச்சு.

முகாம் முடிந்து ரிப்போர்ட் வந்த அன்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. 'எனக்கு ஃபிரக்டோசமைன் 262. பக்கத்தில் நார்மல் 200 முதல் 285 என்று போட்டிருக்கிறது. அப்படியானால் எனக்குச் சர்க்கரை இல்லைதானே?' உடனே பத்துப் பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். இரண்டு பேர் லட்டுப் படம் போட்டார்கள். லட்டுக்குப் போவதற்கு முன் அந்த 200, 285 என்ற எண்களை யார் போட்டார்கள், எப்படிப் போட்டார்கள் என்று பார்ப்போம்.

நாலு விதமான கணக்கு

சர்க்கரைப் பரிசோதனைகளை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டால் எனக்குச் சுலபமாகப் புரிகிறது. உங்களுக்கும் புரியும் என்று நினைக்கிறேன்.

வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரை, அந்த நிமிஷத்து இருப்பு. காலையில் பாஸ்புக் பதிந்தால் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான். நேற்று மாலை என்ன நடந்தது என்று அது சொல்லாது.

எச்பிஏ1சி என்பது சராசரி இருப்பு. ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். ஆகவே அதில் எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரி தெரிந்துவிடும். கடைசி ஒரு மாதத்தின் பங்கு அதில் பாதி அளவுக்கு இருக்கும்.

மூன்றாவது வகை, ஃபிரக்டோசமைனும் கிளைக்கேட்டட் அல்புமினும். சர்க்கரை ஹீமோகுளோபினில் மட்டும் ஒட்டுவதில்லை, ரத்தத்தில் மிதக்கும் புரதங்களிலும் ஒட்டுகிறது. அந்தப் புரதங்களில் பெரும்பங்கு அல்புமின். அதன் ஆயுள் சிவப்பணுவின் ஆயுளைவிட மிகக் குறைவு. ஆகவே இந்த இரண்டும் கடந்த இரண்டு மூன்று வாரத்துச் சராசரியைச் சொல்லும். ஃபிரக்டோசமைன் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, மாம்பழம் சாப்பிட்டதால் வந்தது என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை புரதத்தோடு சேர்ந்த பிறகு உண்டாகும் வேதிப்பொருளின் பெயர் அது. 1980-களின் தொடக்கத்தில் நியூசிலாந்து விஞ்ஞானிகள் கொண்டுவந்த பரிசோதனை.

நாலாவது, 1,5-அன்ஹைட்ரோகுளூசிட்டால். வாயில் நுழையாத பெயர். இது சாப்பாட்டின் வழியாக உடம்பில் சேரும் ஒரு பொருள். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் சர்க்கரை இறங்க ஆரம்பிக்கும். அப்போது இந்தப் பொருளும் வெளியேறிவிடும். அதாவது, எத்தனை தடவை வரம்பு மீறி ஓவர்டிராஃப்ட் போனோம் என்று காட்டும் பதிவேடு. இதில் ஒரு விசேஷம்: மற்றதெல்லாம் கூடினால் கெடுதல், இது குறைந்தால் கெடுதல். ரிப்போர்ட்டில் கீழ்நோக்கி அம்புக்குறி இருந்தால் 'குறைந்திருக்கிறது, நல்லதுதானே' என்று சந்தோஷப்படக் கூடாது. சிறுநீரில் சர்க்கரையை இறக்கிவிடும் வகை மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பரிசோதனை பயன்படாது. மாத்திரையே அதைக் குறைத்துவிடும்.

மாற்றுப் பரிசோதனை எதற்கு?

எச்பிஏ1சி இருக்கும்போது மற்றவை எதற்கு என்று கேட்கலாம். சிவப்பணு 120 நாள் வாழ்கிறது என்ற நம்பிக்கையில்தான் எச்பிஏ1சி கணக்கே நிற்கிறது. அது பொய்த்துப் போனால் கணக்கும் பொய்த்துவிடும்.

இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். சிவப்பணு சீக்கிரம் அழிகிற நோய் இருந்தாலோ, சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ, சிறுநீரகம் பழுதாகி ரத்தம் ஊற ஊசி போட்டுக்கொண்டாலோ குறைவாகக் காட்டலாம். கர்ப்ப காலத்திலும் அதை முழுக்க நம்ப முடியாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஆகவே இது எங்கோ யாருக்கோ வரும் பிரச்சினை இல்லை.

என் வீட்டிலேயே நடந்தது. என் மனைவிக்கு எச்பிஏ1சி 6.6 என்று வந்தது. 6.5-க்கு மேல் போனால் நீரிழிவு. அதைப் பார்த்ததும் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரையால் கண் பார்வை போனது. அந்த நினைப்பு வேறு. ஆனால் வீட்டுக் கருவியில் வெறும் வயிற்றில் 95, 98. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 130, 135 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. எச்பிஏ1சியைச் சராசரிச் சர்க்கரையாக மாற்ற ஒரு சூத்திரம் உண்டு: 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழிக்க வேண்டும். 6.6-க்குக் கிட்டத்தட்ட 143 வருகிறது. சாப்பிட்ட பிறகே 135-ஐத் தாண்டாதவருக்கு நாள் முழுவதற்கும் சராசரி 143 எப்படி வரும்? கணக்கு டேலி ஆகவில்லை.

இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது ஹீமோகுளோபின் எவ்வளவு என்று. பார்த்தால் 9.1. இரும்புச்சத்துக்கு மருந்து கொடுத்துவிட்டு ஃபிரக்டோசமைன் எடுக்கச் சொன்னார். 238 வந்தது. ரத்தசோகை சரியான பிறகு ஆறு மாதம் கழித்து எச்பிஏ1சி எடுத்தோம். 5.8. முழு விடுதலை இல்லை, 5.7-லிருந்தே எச்சரிக்கை எல்லை தொடங்கிவிடுகிறது. நடைப்பயிற்சி, சாப்பாட்டில் கவனம் என்று போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் மாத்திரை இல்லை. அன்று 6.6-ஐ மட்டும் பார்த்திருந்தால் தேவையில்லாத மாத்திரை ஆரம்பித்திருக்கும். ரத்தசோகை கவனிக்கப்படாமலே போயிருக்கும்.

ஆகவே மாற்றுப் பரிசோதனைகள் வேண்டியவைதான். அவற்றை எந்த அளவுகோலில் படிப்பது என்பதுதான் கேள்வி.

'நார்மல்' எப்படிப் பிறக்கிறது?

1969-இல் பின்லாந்தைச் சேர்ந்த கிராஸ்பெக், சாரிஸ் என்ற இருவர், 'நார்மல் அளவு' என்று சொல்லாதீர்கள், 'ஒப்பீட்டு அளவு' என்று சொல்லுங்கள் என்றார்கள். நார்மல் என்றதும் அதற்கு வெளியே இருப்பவன் நோயாளி என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. உண்மையில் அது ஒரு குழுவோடு ஒப்பிடுவது, அவ்வளவுதான்.

போடும் முறை இதுதான். ஆரோக்கியமானவர்கள் என்று தேர்ந்தெடுத்த ஒரு கூட்டத்தின் ரத்தத்தைச் சோதிக்கிறார்கள். குறைந்தது 120 பேர் வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துகிறார்கள். கீழே இரண்டரை சதவீதம், மேலே இரண்டரை சதவீதம் வெட்டிவிடுகிறார்கள். நடுவில் நிற்கும் 95 சதவீதம்தான் உங்கள் ரிப்போர்ட்டில் அச்சாகும் எல்லை.

இதிலிருந்து முதல் விஷயம் தெரிகிறது. நல்ல ஆரோக்கியமானவர்களிலும் 20 பேருக்கு ஒருவர் இந்த எல்லைக்கு வெளியேதான் இருப்பார். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 20 பரிசோதனைகள் உள்ள ஒரு பேக்கேஜ் எடுத்தால், எந்த நோயும் இல்லாதவருக்குக்கூட ஒரு எண்ணாவது தடித்த எழுத்தில் வரும் வாய்ப்பு 64 சதவீதம். 0.95-ஐ 20 தடவை பெருக்கி, ஒன்றிலிருந்து கழித்துப் பாருங்கள்.

இரண்டாவது விஷயம், 'ஆரோக்கியமான' என்ற சொல். இதுதான் முக்கியம். நம் அடுக்ககத்திலேயே இந்த வேலையைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் 200 பேரை அப்படியே வரிசையில் நிறுத்திவிடுகிறோம். யாருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று கேட்கவில்லை. 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. அந்தக் கணக்கில் 200 பேரில் 23 பேருக்கு இருக்கும். நாம் மேலே வெட்டுவது இரண்டரை சதவீதம், அதாவது 5 பேர். அதிகபட்ச அளவு உள்ள ஐந்து பேரை வெட்டினாலும் மீதி 18 நீரிழிவுக்காரர்கள் 'நார்மல்' எல்லைக்குள் உட்கார்ந்திருப்பார்கள்! மேல் எல்லை எங்கோ போய்விடும். அதற்குப் பிறகு யார் சோதித்தாலும் 'நார்மல்' என்றுதான் வரும். ஆகவே கூட்டத்தைச் சலித்து எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எத்தனை பேர் என்பதைவிட யார் யார் என்பது பெரிது.

அமெரிக்கக் கணக்கும் ஜப்பான் கணக்கும்

இதைக் கவனமாகச் செய்த ஒரு வேலை அமெரிக்காவில் நடந்திருக்கிறது. அங்கே ஏரிக் என்ற நீண்டகால ஆய்வு 1987-இல் நான்கு ஊர்ப்பகுதிகளில் தொடங்கியது. 45 முதல் 64 வயதுவரை உள்ள 15,792 பேர் சேர்ந்தார்கள். மாரடைப்பு, ரத்தக்குழாய் நோய் பற்றிய ஆய்வு அது. அவர்களில் ஆரோக்கியமானவர்கள் என்று சலித்து எடுத்த 1,799 பேரின் சேமித்து வைத்த ரத்தத்தில் இந்த மூன்று மாற்றுப் பரிசோதனைகளையும் செய்து, 2018-இல் எல்லைகளை வெளியிட்டார்கள். அவை: ஃபிரக்டோசமைன் 194.8 முதல் 258 வரை, கிளைக்கேட்டட் அல்புமின் 10.7 முதல் 15.1 சதவீதம் வரை, 1,5-அன்ஹைட்ரோகுளூசிட்டால் 8.4 முதல் 28.7 வரை.

கூடவே இன்னொரு வேலையும் செய்தார்கள். எச்பிஏ1சி 6.5-க்கு இணையான இடம் எது என்று பார்த்தார்கள். ஃபிரக்டோசமைனில் 270, கிளைக்கேட்டட் அல்புமினில் 15.6. வெறும் வயிற்றுச் சர்க்கரை 126-க்கு இணையான இடம் ஃபிரக்டோசமைனில் சுமார் 262, அல்புமினில் 15.

நம் வாட்ஸ்அப் கேள்வியின் 262 இப்போது நினைவுக்கு வருகிறதா? நம் லேப் அச்சடித்த 200-285-க்குள் அது சௌகரியமாக இருக்கிறது. ஏரிக் கணக்கில் மேல் எல்லையான 258-ஐத் தாண்டி நிற்கிறது.

இனி ஜப்பானைப் பார்ப்போம். கிளைக்கேட்டட் அல்புமினை மிக அதிகமாகப் பயன்படுத்தும் நாடு அது. அங்கே வழக்கமான எல்லை 11 முதல் 16 சதவீதம். ஒருவருக்கு 15.6 என்று வந்தால் ஜப்பானில் எல்லைக்குள், அமெரிக்கக் கணக்கில் எல்லைக்கு வெளியே. 1,5-அன்ஹைட்ரோகுளூசிட்டால் ஜப்பானில் 14-க்கு மேல் இருந்தால்தான் நல்லது. அமெரிக்கக் கணக்கில் 8.4-க்கு மேலேயே எல்லைக்குள் வந்துவிடும். 12 உள்ளவர் விமானம் ஏறி இறங்கினால் தீர்ப்பு மாறுகிறது. ரத்தம் மாறவில்லை.

ஏன் இப்படி? கூட்டம் வேறு, சாப்பாடு வேறு, சோதிக்கும் ரசாயனமும் கருவியும் வேறு. ஏரிக் ஆய்விலேயே இனம், ஆண்-பெண், உடல் எடை ஆகியவற்றுக்கு ஏற்ப அளவுகள் மாறுபட்டன. அந்த 1,799 பேரில் 15 சதவீதம் கறுப்பினத்தவர், மற்றவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். நம் ஊர்க்காரர்களை வைத்துப் போட்ட எல்லை இல்லை அது. அதனால் 258-ஐ எடுத்துக்கொண்டு 285-ஐத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. லேப் அவர்கள் கருவிக்கு ஏற்ற எல்லையைத்தான் போட வேண்டும். வெளியிலிருந்து ஒரு எல்லையை எடுத்தாளும்போது, குறைந்தது 20 உள்ளூர் ஆரோக்கியசாலிகளைச் சோதித்து, இரண்டு பேருக்கு மேல் வெளியே போகவில்லை என்று உறுதி செய்துகொள்ள ஒரு முறை இருக்கிறது. 'அப்படிச் செய்தீர்களா?' என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஒரே பத்தியில் மூன்று கோடுகள்

ரிப்போர்ட்டில் ஒரே பத்தியில் அச்சாவதால் மூன்று வேறு கோடுகளை நாம் ஒன்றாக நினைத்துக்கொள்கிறோம்.

முதல் கோடு, இப்போது சொன்ன ஒப்பீட்டு எல்லை. கூட்டத்தின் நடு 95 சதவீதம்.

இரண்டாவது, நோய் என்று தீர்மானிக்கும் கோடு. எச்பிஏ1சியில் 6.5. இது வரிசைப்படுத்தி வெட்டி வந்த எண் இல்லை. எந்த அளவுக்கு மேல் போனால் விழித்திரை பாதிக்கப்பட ஆரம்பிக்கிறது என்று ஆயிரக்கணக்கானவர்களின் கண்களைப் பார்த்துப் போட்ட கோடு. 2011-இல் உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்றது. ஃபிரக்டோசமைனுக்கும் கிளைக்கேட்டட் அல்புமினுக்கும் அப்படி எல்லோரும் ஏற்ற தீர்மானக் கோடு கிடையாது. ஏரிக்கில் வந்த 270, 15.6 எல்லாம் இணை எண்கள்தான். ஆகவே இந்தப் பரிசோதனைகளை மட்டும் வைத்து 'உனக்கு நீரிழிவு' என்றும் சொல்ல முடியாது, 'இல்லை' என்றும் சொல்ல முடியாது.

மூன்றாவது, சிகிச்சை இலக்கு. நீரிழிவு உள்ள பலருக்கு எச்பிஏ1சி 7-க்குக் கீழ் வைக்கச் சொல்வார்கள். 7 நார்மல் இல்லை, இலக்கு. ஜப்பானில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் நீரிழிவுக்காரர்களுக்குக் கிளைக்கேட்டட் அல்புமின் 20-க்குக் கீழ் போதும் என்கிறார்கள். இதயநோய் வந்தவர்களுக்கும், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும் பழக்கம் உள்ளவர்களுக்கும் 24-க்குக் கீழ். 16 எங்கே, 24 எங்கே! பக்கத்து வீட்டுக்காரரின் டாக்டர் '20 போதும்' என்றார் என்பதால் நமக்கும் போதும் என்று அர்த்தமில்லை.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று. எச்பிஏ1சியும் வீட்டுக் கருவி காட்டுவதும் டேலி ஆகாவிட்டால், இரண்டு வாரத்து எண்களைத் தேதி, நேரத்தோடு எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தசோகை, ரத்தம் ஏற்றியது, சிறுநீரகக் கோளாறு, சாப்பிடும் இரும்புச்சத்து மாத்திரை, எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

இரண்டு. ஃபிரக்டோசமைன், கிளைக்கேட்டட் அல்புமின் எடுக்கிறவர்கள் தைராய்டு, ஈரல், சிறுநீரில் புரதம் போவது போன்ற பிரச்சினை இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். சிவப்பணு காலைவாரினால் எச்பிஏ1சி பொய்க்கிற மாதிரி, அல்புமின் காலைவாரினால் இவை பொய்க்கும்.

மூன்று. ஒரே லேபில், ஒரே முறையில் தொடர்ந்து எடுங்கள். 240, 245, 262 என்று ஒருவருக்கு ஏறிக்கொண்டு போனால், மூன்றும் 'நார்மல்' என்றாலும் அந்த ஏற்றம் பேசுகிறது. பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

நான்கு. அம்புக்குறியையும் தடித்த எழுத்தையும் பார்த்து மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். லட்டுப் படத்தைப் பார்த்தும் வேண்டாம்.

262 என்று கேட்ட நண்பருக்கு என் பதில்: அந்த எண் உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சான்றிதழ் கொடுக்கவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி, ஹீமோகுளோபின் மூன்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். இந்த வாரமே பாருங்கள்.

கடைசியாக, சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. அடுத்த முகாமில் ஃபிரக்டோசமைனை எல்லோருக்கும் பேக்கேஜில் சேர்க்க வேண்டியதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். அந்தப் பணத்தில் எச்பிஏ1சி எடுக்கும் ஒவ்வொருவருக்கும் ஹீமோகுளோபின் சேர்த்து எடுக்கச் சொல்லலாம். லேபை ஒப்பந்தம் செய்யும்போது இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்குவோம்: எந்த முறையில் சோதிக்கிறீர்கள்? அச்சடிக்கும் எல்லையை எந்த மக்களை வைத்து எடுத்தீர்கள்? பதில் வந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம். விலையில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி மன்றாடுகிற நாம், இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை.